நெயில் பாலிஷ் கோடு

அம்மணி அந்த ஸ்டிக்கரை மேசை மேல் அறைந்த வேகத்தில், வயர் முனையில் மாட்டுவதற்காகக் குல்ஷன் எண்ணி வைத்திருந்த செம்பு லக்குகள் நாலாபக்கமும் சிதறின.

"படி. நீ எழுதுனதுதானே? வாயத் தொறந்து படி."

படிக்க வேண்டிய அவசியமே இல்லை. மார்க்கர் பேனாவால் குல்ஷன் தன் கையால் எழுதி, மேலே டேப் ஒட்டி, இரண்டு வருடத்துக்கு முன்னால் பெருங்களத்தூர் கங்கையம்மாள் ரெசிடென்சியின் பம்ப் ரூமில் போர்டுக் கதவில் ஒட்டியது. 'மோட்டார் ட்ரிப் ஆனால், நீல பட்டனை அமுக்கும் வரை மறுபடி ஓடாது.' அம்மணி அதைக் கதவிலிருந்து பிய்த்தே கொண்டு வந்துவிட்டாள். பின்பக்கத்துப் பசையில் பெயின்ட்டும் சேர்ந்து வந்திருந்தது.

"எம் புருசன் இத்தப் படிச்சாரு. நீ எழுதுனதாச்சேன்னு நம்பினாரு. கைய வச்சாரு. ரெண்டு விரலு போச்சு. இப்ப அந்த செக்ரெட்டரி இன்னா சொல்லிகினு கீறான் தெரியுமா? அவரா அஜாக்கிரதையா கைய வுட்டாராம். லெட்டர் ரெடி பண்ணி வச்சிகினு கீறான். நாளைக்குக் காலைல போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவுதாம்."

அம்மணியின் புருசன் சுப்பராயலு அந்தப் பக்கத்துப் பதினைந்து அபார்ட்மென்ட்டுக்கும் பிளம்பர். ஆறு நாள் முன்னால் கங்கையம்மாள் ரெசிடென்சியில் சம்ப் மோட்டார் முக்கி முனகி நின்றுபோனது. ட்ரிப் விளக்கு சிவப்பாக எரிந்தது. பம்புக்குள் ஏதோ அடைத்துக்கொண்டிருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. எந்த பிளம்பரும் செய்வதைத்தான் செய்தார். பின்பக்கத்து ஃபேன் மூடியைக் கழற்றி, ஃபேனைக் கையால் பிடித்து, முன்னும் பின்னும் ஆட்டி அடைப்பை விடுவித்துக்கொண்டிருந்தார். மோட்டார் ஓடியது. யாரும் பட்டனை அமுக்கவில்லை. ரூமில் அவரைத் தவிர யாருமே இல்லை.

"ஓட வழியே இல்லைக்கா," என்றாள் குல்ஷன். "நானே வயரிங் பண்ணின போர்டு அது. பட்டனை அமுக்காம ஓடவே ஓடாது."

"ஓடாதா? அப்போ விரலு எங்க போச்சு? எலி தூக்கினு போச்சா?"

குல்ஷனுக்குச் சுருக்கென்றது. ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு ஷட்டர் கடை. பதினாறு வருடமாகப் போர்டு கட்டுகிறாள். பம்புக்கு, லிஃப்டுக்கு, படப்பைப் பக்கத்துச் சின்னப் பட்டறைகளுக்கு. அவள் கட்டிய போர்டில் இதுவரை ஒரு கை சுட்டதில்லை. அதற்குக் காரணம் அதிர்ஷ்டம் இல்லை; அவளுடைய பிடிவாதம்.

"அக்கா, யாரோ போர்டுல கை வச்சிருக்காங்க. யாருன்னு இன்னிக்கே காட்டறேன். அந்த லெட்டர் ஸ்டேஷனுக்குப் போகாது."

"காட்டு. பாப்போம்," என்று அம்மணி எழுந்தாள். வாசலில் நின்று திரும்பினாள். "அவரு ஆஸ்பத்திரில படுத்துகினு இன்னா சொல்றாரு தெரியுமா? 'எம் மேலதான் தப்பு, நான்தான் மெயின ஆஃப் பண்ணல'ன்னு. ஆறு நாளா அதே பாட்டு. அந்த மனுசன் கத்திட்டாக்கூட எனக்கு நிம்மதியா கீதும்."

அவள் ஆட்டோ கிளம்பிய சத்தம் அடங்குவதற்குள் குல்ஷனின் போன் அடித்தது. செக்ரெட்டரி பொன்னுரங்கம்.

கங்கையம்மாள் ரெசிடென்சி நின்ற இடம் ஒரு காலத்தில் பொன்னுரங்கத்தின் நெல் வயல். பில்டருக்கு நிலத்தைக் கொடுத்து, பதிலுக்குப் பத்து ஃபிளாட் வாங்கி, கட்டடத்துக்கு அம்மா பெயரையும் வைத்துவிட்டார். செக்ரெட்டரி பதவியும் அந்தப் பத்து ஃபிளாட்டோடு சேர்ந்து வந்தது.

"இன்னாம்மா குல்ஷன், நல்லா கீறியா? ஒரு சின்ன உதவி. உன் போர்டுல ஒரு குறையும் இல்லன்னு உன் லெட்டர்பேடுல ரெண்டு வரி எழுதிக் குடு. சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கமிட்டி மீட்டிங். நம்ம லெட்டரோட அதையும் வச்சு ஸ்டேஷன்ல குடுத்துட்டா முடிஞ்சுது. எனக்கும் நல்லது, உனக்கும் நல்லது."

"சுப்பராயலு அண்ணனுக்கு?"

"அவன் மெயின ஆஃப் பண்ணாம கைய வுட்டா நாம இன்னா பண்றது?"

"நேர்ல வரேன் சார்," என்று வைத்துவிட்டாள்.  

அவள் கோபம் முழுக்க அந்த ஆள் மேல்தான். ஏனென்றால் போர்டுக்குள் மோட்டாரைக் காக்கும் ரிலேயை அவளுக்குத் தெரியும். அதில் பெரிய வித்தை ஒன்றும் கிடையாது. மோட்டாருக்குப் போகும் மின்சாரம், போகிற வழியில் ரிலேக்குள் இருக்கும் மூன்று சின்னத் தகடுகளைச் சூடாக்கிக்கொண்டே போகும். ஒவ்வொரு தகடும் இரண்டு வகை உலோகத்தை ஒட்டிச் செய்தது. மோட்டார் எங்காவது மாட்டிக்கொண்டு திணறினால் மின்சாரத்தை அதிகமாக இழுக்கும். தகடு சூடேறி வளையும். வளைந்து ஒரு நெம்புகோலைத் தள்ளும். அவ்வளவுதான், மோட்டாரைப் போடுகிற கான்டாக்டர் தன் பிடியை 'டக்'கென்று விட்டுவிடும். மோட்டார் நின்றுவிடும். தகடு ஆற இரண்டு மூன்று நிமிடம் ஆகும். ஆறினாலும் ரிலே சும்மா இருக்கும். ஒரு மனிதன் வந்து, என்ன கோளாறு என்று பார்த்து, நீல பட்டனை அமுக்கினால்தான் மறுபடி வேலை.

ஆனால் அந்தப் பட்டனுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திருகு உண்டு. அதை 'ஹெச்' எழுத்துக்கு நேராக வைத்தால் மேலே சொன்ன கதை. 'ஏ'க்கு, அதாவது ஆட்டோவுக்கு, திருப்பிவிட்டால், தகடு ஆறியதுமே ரிலே தானாகத் தயாராகிவிடும். மேல் தொட்டி காலி என்று சென்சார் கூப்பிட்டுக்கொண்டே இருந்தால், மோட்டார் யாரையும் கேட்காமல் ஓடும்.

அந்தத் திருகை யாரோ திருப்பியிருக்கிறார்கள். அதைக் கண்டுபிடிக்க அவளிடம் ஒரு வழி இருந்தது.

குல்ஷன் நெயில் பாலிஷ் போட மாட்டாள். தொழுகைக்கு முன் ஒளு எடுக்கும்போது நகத்தில் தண்ணீர் பட வேண்டும். ஆனாலும் தாம்பரம் சண்முகம் ரோட்டு ஃபேன்சி ஸ்டோரில் வருடத்துக்கு நாலு பாட்டில் வாங்குவாள். கத்தரிப்பூ நிறம், ஜிகினா போட்டது. "வெறும் நகத்தோட வர்றீங்க, வெறும் நகத்தோட போறீங்க, பாட்டில் மட்டும் காலியாகுதே, குடிக்கிறீங்களாக்கா?" என்று கடைக்காரப் பெண் கேலி பண்ணுவாள். போர்டில் ஒவ்வொரு திருகையும் சரியான இடத்தில் வைத்ததும், திருகிலிருந்து ரிலேயின் உடம்பு வரைக்கும் சேர்த்து ஒரு கோடு இழுப்பாள் குல்ஷன். பிறகு யார் திருகைத் தொட்டாலும் கோடு இரண்டாக உடைந்துவிடும். பாதி திருகோடு போகும், பாதி அங்கேயே நிற்கும். அதுதான் அவள் கையெழுத்து, அவள் முத்திரை, அவள் சாட்சி.

தம்பி உஸாமாவுக்குப் போன் போட்டாள். வெளிவேலை, சர்வீஸ் எல்லாம் அவன்தான். படப்பையில் ஒரு பட்டறையில் இருந்தான்.

"பெருங்களத்தூர் போறேன்டா. அந்தப் பொன்னுரங்கம் ரிலேவைத் திருப்பியிருக்கான். கோட்டைக் காட்டி அவன் மூஞ்சில அடிக்கப் போறேன்."

மறுமுனையில் மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "நீ எதுக்குக்கா? நாளைக்கு நான் போய்ப் பார்த்துக்கறேன். வெயில்ல அலையாத."

"அஞ்சு மணிக்கு மீட்டிங்டா."

"அக்கா..." என்றான். அவள் ஹெல்மெட்டை மாட்டிவிட்டாள்.

பம்ப் ரூமுக்குப் பொன்னுரங்கமே சாவியோடு வந்தார். தரையைக் கழுவியிருந்தார்கள். ஆனால் ஃபேன் மூடியின் ஓட்டைகளில் ஏதோ பழுப்பாகக் காய்ந்து கிடந்தது. வேறு பிளம்பர் வந்து அடைப்பை எடுத்து மூடியை அப்படியே மாட்டிவிட்டுப் போயிருந்தார்.

"நம்மகிட்ட இல்லாத பம்புசெட்டா?" என்று பொன்னுரங்கம் ஆரம்பித்தார். "இந்த எடத்துலயே மூணு கெணறு. ராத்திரி மூணு மணிக்குக் கரண்ட் வரும். ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டு வச்சா, கரண்ட் வந்ததும் தானா ஓடும். நாம நிம்மதியா தூங்கலாம். அந்தக் காலத்துல எவன் விரலு போச்சு, சொல்லு?"

குல்ஷன் போர்டைத் திறந்தாள். டார்ச்சை ரிலே மேல் அடித்தாள்.

திருகு 'ஏ'யில் இருந்தது.

அவள் எதிர்பார்த்ததுதான். ஆனால் கோடு உடையவில்லை. திருகின் மேல் தொடங்கி, ரிலேயின் உடம்பு வரைக்கும், கத்தரிப்பூ நிறத்தில், ஜிகினாவோடு, முழுசாக ஒரே கோடு. 'ஏ'க்கு நேராக.

டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுபோனாள். பழைய கோட்டைப் பிளேடால் சுரண்டிய தடம் 'ஹெச்' பக்கத்தில் மங்கலாகத் தெரிந்தது. புதுக்கோட்டின் கடைசியில் ஒரு சின்னச் சொட்டு. பிரஷைத் துடைக்காமல் இழுத்தால் விழும் சொட்டு. அவள் இழுக்கும் கோட்டில் சொட்டு விழாது. 'துடைச்சுட்டு இழுடா, துடைச்சுட்டு இழுடா' என்று பத்து வருடமாக அவள் திட்டிக்கொண்டிருக்கும் சொட்டு அது.

"இன்னாம்மா, எல்லாம் கரெக்டா கீதா?"

குல்ஷன் கதவை மூடினாள். "அஞ்சு மணிக்குச் சொல்றேன் சார்."

வெளியே வந்து உஸாமாவுக்கு இரண்டே வார்த்தை அனுப்பினாள். 'உடனே வா.'

அவன் வந்தபோது மணி நாலரை. பைக்கை நிறுத்தியவன் ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. அவள் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது.

"கழட்டுடா அதை. மூஞ்சியைப் பார்த்துப் பேசணும்."

கழற்றினான். முப்பத்து மூன்று வயது ஆள், பரீட்சையில் பிட் அடித்து மாட்டியவன் மாதிரி நின்றான்.

"எப்போ திருப்பின?"

"தீபாவளிக்கு முந்தின நாள்."

"ஏன்டா?"

"உனக்குத் தெரியாதாக்கா அந்த நாள்? மெட்ராஸே ஊருக்குக் கிளம்பி ஜிஎஸ்டி ரோட்டுல நிக்குது. பொன்னுரங்கம் சார் பதினெட்டு போன். 'தண்ணி இல்ல, தண்ணி இல்ல, வந்து பட்டன அமுக்கு.' கீழ இறங்கி நீங்களே அமுக்குங்கன்னா, 'அதுக்குத்தான் உங்களுக்குக் கான்ட்ராக்ட் குடுத்துகீறோம்'ங்கிறாரு. மூணு மணி நேரம்க்கா! தாம்பரம் தாண்டி, கார் நடுவுல பைக்கை உருட்டிக்கிட்டு. எதுக்கு? ஒரு பட்டனை ஒரு செகண்ட் அமுக்க. அமுக்கிட்டு நிமிர்றேன், 'இந்த சனியன் புடிச்ச பட்டனே இல்லாம பண்ணிக் குடுடா, எங்க பம்புசெட்டு மாதிரி ஆட்டோ போட்டு வுடு'ங்கிறாரு. திருப்பிட்டேன்."

"எதுக்கு ட்ரிப் ஆகுதுன்னு பார்த்தியா?"

"நேரமில்லக்கா."

"ஸ்டிக்கரை ஏன்டா கிழிக்கல?"

அவன் தலை குனிந்தது.

"கேக்கறேன்ல? பட்டனை அமுக்குற வரைக்கும் ஓடாதுன்னு என் கையால எழுதி வச்சிருக்கேனே, அதை ஏன்டா கிழிக்கல?"

"மறந்துட்டேன்க்கா."

"மறந்துட்ட. ஆனா பழைய கோட்டைச் சுரண்ட மறக்கல. என் பாட்டிலைத் திறந்து புதுக்கோடு போட மறக்கல. நான் பார்த்தா கண்டுபிடிச்சுடுவேன்னு மட்டும் ஞாபகம் இருந்துச்சு. அந்த மனுஷன் படிப்பாருன்னு ஞாபகம் இல்ல!"

கார் நிறுத்துமிடத்தில் கார் துடைத்துக்கொண்டிருந்த ஆள் திரும்பிப் பார்த்தார். உஸாமா குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, திட்டு. வீட்டுக்கு வந்து செருப்பால அடி. ஆனா இங்க சொல்லாத. நாப்பது போர்டு இருக்கு இந்த ஏரியாவுல. 'ரிலேவ மாத்தி வச்சு விரலை எடுத்தவங்க'ன்னு பேர் வந்துட்டா, கடைய இழுத்து மூடணும். அந்த ரெண்டு வரியை எழுதிக் குடுத்துட்டு வந்துடு. மெயின ஆஃப் பண்ணாதது அவரு தப்புதானே?"

அறைந்துவிடுவோமோ என்று பயந்து, குல்ஷன் தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டாள். போனில் பொன்னுரங்கம் சொன்ன அதே வாக்கியம். தன் வீட்டுச் சோறு தின்ற வாயிலிருந்து வருகிறது.

"உள்ள வா. எல்லார் முன்னாடியும் நில்லு. ஓடிட்டேன்னு வச்சுக்க, என் கடைப்படி மிதிக்காத," என்று நடந்தாள்.

கார் நிறுத்துமிடத்தின் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கமிட்டிக்காரர்கள் எட்டுப் பேரும் செக்ரெட்டரியும் உட்கார்ந்திருந்தார்கள். பொன்னுரங்கம் கையில் டைப் செய்த லெட்டர்.

"வந்துட்டியா? உன் லெட்டரைக் குடும்மா. காப்பி வருது."

"குடுக்கறேன். அதுக்கு முன்னாடி எல்லாரும் கொஞ்சம் பம்ப் ரூமுக்கு வாங்க."

"எதுக்கு?"

"போர்டு நல்லா இருக்குன்னு எழுதிக் குடுக்கச் சொல்றீங்க. பார்க்காம எப்படி எழுதறது?"

முணுமுணுத்துக்கொண்டே வந்தார்கள். குல்ஷன் மெயினை அணைத்தாள். ஃபேன் மூடியின் திருகுகளைக் கழற்றி மூடியைத் தரையில் வைத்தாள். மெயினைப் போட்டாள். மேல் தொட்டியில் தண்ணீர் குறைந்திருந்ததால் மோட்டார் உடனே இரைந்தது. மூடியில்லாத ஃபேன் கண்ணுக்கே தெரியாமல் சுழன்றது. ரிலேயில் எத்தனை ஆம்பியருக்கு நிற்க வேண்டும் என்று காட்டும் திருகை, இருப்பதிலேயே குறைந்த எண்ணுக்கு இறக்கினாள்.

"மோட்டார் திணறுதுன்னு ரிலே இப்ப நினைச்சுக்கும். கொஞ்சம் பொறுங்க."

இரண்டு நிமிடம் போயிருக்கும். 'டக்.' சிவப்பு விளக்கு. ஃபேன் மெதுவாகி நின்றது. ரூம் காதடைத்தது போலாயிற்று.

பையிலிருந்து ஸ்டிக்கரை எடுத்துப் பொன்னுரங்கத்திடம் நீட்டினாள். "படிங்க சார். சத்தமா."

"மோட்டார் ட்ரிப் ஆனால், நீல பட்டனை அமுக்கும் வரை மறுபடி ஓடாது. சரி, அதுக்கின்னா?"

"ட்ரிப் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு."

"பட்டனை யாராவது அமுக்கினோமா?"

"இல்ல."

"அப்போ ஃபேன்ல கையை வைங்க."

யாரோ சிரித்தார்கள். பொன்னுரங்கமும் சிரித்தார். ஆனால் கை இடுப்பைவிட்டு நகரவில்லை. "இன்னாம்மா விளையாடறியா? நீ சொன்னா நான் வைக்கணுமா?"

"சுப்பராயலு அண்ணன் வச்சாரே."

மூலையில் கிடந்த துடைப்பத்தை எடுத்து, அதன் கட்டையை ஃபேன் இறக்கைகளுக்கு நடுவே சொருகிச் சுவரில் சாய்த்தாள். எல்லோரும் அந்தக் கட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு நிமிடம். இரண்டு. கமிட்டியில் இருந்த மிருதுளா, ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் பெண், போனில் நேரம் பார்த்தபடி நின்றாள். உஸாமா வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான்.

மூன்றாவது நிமிடத்தில் பொன்னுரங்கத்துக்குத் தைரியம் வந்துவிட்டது. "பாருங்க, ஒண்ணும் ஆவல. அந்தாளு வேற இன்னாவோ நோண்டிகீறான். இதுக்குப் போய் நம்ம டைமை..." என்று குனிந்து கட்டையைப் பிடுங்கக் கை நீட்டினார்.

குல்ஷன் அவர் மணிக்கட்டைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள்.

'டக்.'

மோட்டார் உறுமியது. துடைப்பக்கட்டை படாரென்று இரண்டாக முறிந்து, ஒரு துண்டு எதிர்ச்சுவரில் அடித்து மிருதுளாவின் காலடியில் விழுந்தது. எட்டுப் பேரும் வாசலுக்குப் பாய்ந்தார்கள். பொன்னுரங்கம் பாயவில்லை. தன் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

குல்ஷன் மெயினை அணைத்தாள். இப்போது அவள் கத்தத் தேவையே இல்லை. ஆனாலும் கத்தினாள்.

"இதுதான் நடந்துச்சு! தகடு ஆறிச்சு, ரிலே தானா தயாராச்சு, மோட்டார் ஓடிச்சு. அண்ணன் கையை எடுக்க ஒரு செகண்ட் கிடையாது. இந்தத் திருகை 'ஏ'யில வச்சது என் தம்பி. அதோ நிக்கறான். என் கடை ஆளு செஞ்சது, என் பாட்டிலால கோடு போட்டது. என் ஸ்டிக்கர் பொய் சொல்லிச்சு."

 பொன்னுரங்கத்துக்கு உயிர் வந்துவிட்டது.

"அப்படிப் போடு! எல்லாரும் கேட்டுக்கங்க. அவங்களே ஒத்துக்கிட்டாங்க. தப்பு போர்டுக்காரங்களோடது. அசோசியேஷனுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. லெட்டரை அப்படி மாத்திடுவோம்."

"மாத்துங்க. ஆனா 'ஆட்டோ போட்டு வுடு'ன்னு சொன்னது யாரு, அதையும் எழுதுங்க."

"நானா? எப்போ? சாட்சி கீதா?"

பதில் மிருதுளாவிடமிருந்து வந்தது. அவள் போனைத் தள்ளிக்கொண்டே போய், ஒரு இடத்தில் நிறுத்தி, நிதானமாகப் படித்தாள்.

"நம்ம குரூப்புல, தீபாவளிக்கு முந்தின நாள், சாயங்காலம் ஆறு பத்துக்கு. 'இனி ட்ரிப் ஆனாலும் யாரும் கீழே போக வேண்டாம். எலக்ட்ரீஷியன் தம்பியிடம் சொல்லி ஆட்டோ போட வைத்துவிட்டேன். ஹேப்பி தீபாவளி.' நீங்க போட்டதுதான் அங்கிள். நாப்பத்தோரு பேர் கட்டைவிரல் காட்டியிருக்கோம்." அவள் நிறுத்தினாள். "என்னோடதும் இருக்கு."

"நாப்பத்தோரு வீட்டுக்குத் தெரிஞ்சிருக்கு," என்றாள் குல்ஷன். "தினமும் கீழ வந்து உங்க அழுக்குத் தண்ணியில நிக்கற அந்த ஒரு மனுஷனுக்கு மட்டும் யாரும் சொல்லல. ஏன், அவர் உங்க குரூப்புல இல்லையோ?"

 காப்பி கொண்டுவந்த செக்யூரிட்டி, தட்டோடு வாசலிலேயே நின்றார்.

பொன்னுரங்கத்தின் லெட்டரை வாங்கி, அதன் பின்பக்கத்திலேயே குல்ஷன் எழுதினாள். ரிலே எந்த நிலையில் இருந்தது, யார் திருப்பியது, யார் கேட்டது, எந்தத் தேதி, ஸ்டிக்கரில் என்ன எழுதியிருந்தது. 'மெயினை அணைத்திருக்க வேண்டும் என்பது சரி. ஆனால் சுப்பராயலு எங்கள் எழுத்தை நம்பித்தான் கை வைத்தார். அவரை அஜாக்கிரதைக்காரர் என்று சொல்ல இங்கே யாருக்கும் தகுதி இல்லை.' கீழே தன் கையெழுத்து. பேனாவைத் தம்பியிடம் கொடுத்தாள். உஸாமா அவளைப் பார்த்தான், லெட்டரைப் பார்த்தான், போட்டான். மிருதுளா கேட்காமலே வாங்கிப் போட்டாள். பேனா பொன்னுரங்கத்திடம் வந்தபோது அவர் நெடுநேரம் மூக்குக்கண்ணாடியைத் தேடினார். அது அவர் நெற்றியிலேயே இருந்தது. எட்டுப் பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அவரும் போட்டார்.

குல்ஷன் மறுபடி போர்டு முன்னால் போய் நின்றாள். பிளேடால் சொட்டு விழுந்த கோட்டைச் சுரண்டி எறிந்தாள். திருகை 'ஹெச்'சில் வைத்தாள். ஆம்பியரைப் பழைய எண்ணுக்கு ஏற்றினாள். மூடியை மாட்டினாள். பிரஷை நன்றாகத் துடைத்துவிட்டு ஒரு கோடு இழுத்தாள். ஆனால் ஸ்டிக்கரை ஒட்ட மனம் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம் முடிய இன்னும் அரைமணி இருந்தது. சுப்பராயலு கட்டுப்போட்ட கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குல்ஷனையும் அவள் பின்னால் வந்த உஸாமாவையும் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார்.

"வாம்மா. உனக்குத்தான் வீண் பேஜாரு. நான் மெயின ஆஃப் பண்ணியிருந்தா..."

"அண்ணா, நிறுத்துங்க." அவள் நின்றுகொண்டே படித்தாள். ஒரு வார்த்தை விடாமல் படித்தாள்.

 அம்மணி ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்து புருசன் முகத்தையே பார்த்தாள்.

"இன்னொரு தபா படி. அந்தத் தீபாவளி எடத்த," என்றார் சுப்பராயலு.

படித்தாள்.

"அப்போ... தெரிஞ்சே வச்சிகீறாங்க."

"ஆமாண்ணா."

"நாலு மாசமா நான் அந்த ரூமுக்குள்ள போய் வந்துகினு கீறேன். நாலு மாசமா!" அவர் பார்வை உஸாமாவிடம் போய் நின்றது. "டேய். அன்னிக்குத் தீபாவளிக்கு முந்தின நாளு, அந்த பம்ப் ரூம் வாசல்ல உனக்கு டீ வாங்கிக் குடுத்தேன்டா நானு! ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? 'அண்ணே, பாத்து'ன்னு ஒரே ஒரு வார்த்த!"

உஸாமா அக்காவின் பின்னால் நகர்ந்தான். 

"நானே முண்டம்னு ஆறு நாளா நெனச்சிகினு கெடக்கறேன்! எம் பொண்டாட்டி மூஞ்சியப் பாக்க வெக்கப்பட்டுகினு கெடக்கறேன்!" சுப்பராயலுவின் குரல் வார்டின் கடைசிக் கட்டில் வரை போனது. நர்ஸ் ஓடிவந்தார். "வெளிய போங்க! ரெண்டு பேரும் போங்க! நீயும் போம்மா. எழுதி ஒட்டுனா ஆச்சா? ஒரு தபா வந்து பாத்தியா நீ? போ!"

 இரண்டு வருடத்தில் ஒரு தடவை கூட அவள் அந்தப் போர்டைத் திறந்து பார்க்க வந்ததில்லை. கோடு இருக்கிறது என்ற நம்பிக்கையில் இருந்துவிட்டாள். தம்பியின் தோளைப் பிடித்துத் திருப்பிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். பின்னால் சுப்பராயலு இன்னும் கத்திக்கொண்டிருந்தார். நர்ஸ் அடக்கப் பார்த்தார். அம்மணி அடக்கவில்லை.

வராந்தாவில் செருப்பு ஓசை கேட்டுத் திரும்பினாள். அம்மணிதான். கண் சிவந்திருந்தது, முகம் இறுகியிருந்தது. நன்றி சொல்ல வந்தவள் மாதிரி இல்லை. கையை மட்டும் நீட்டினாள்.

"அந்தக் காயிதத்தக் குடுத்துட்டுப் போ. ஸ்டேஷனுக்கு நானே எடுத்துனு போறேன்."